கௌரிசங்கரைப் பார்க்கப் போன பொதிகையடிக்காரர்கள்

முதல் நாள்: திருநெல்வேலி சந்திப்பு

விக்கிரமசிங்கபுரத்தில் இன்று காலை முதல் ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. மதியம் வேனில் ஏறும்போது பொதிகை இருக்கும் திசையில் மலையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு திரைதான் தொங்கியது. ஆச்சி அந்தத் திரையைப் பார்த்துக் கும்பிட்டு, “போயிட்டு வாரோம், அகத்தியரே” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். எழுபத்தொன்பது வயதில் அவள் முதன்முறையாக விமானம் ஏறப் போகிறாள்.

இந்தப் பயணம் உண்மையில் சித்திரை விசு அன்று பாபநாசத்தில் தொடங்கியது. கயிலையில் சிவபெருமானுக்கும் உமையவளுக்கும் திருமணம் நடந்தபோது தேவர்களும் முனிவர்களும் அங்கே திரண்டதால் வடபுலம் தாழ்ந்து தென்புலம் உயர்ந்தது என்றும், நிலத்தைச் சமன்செய்ய இறைவன் அகத்தியரைப் பொதிகைக்கு அனுப்பினார் என்றும், திருமணத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லையே என்று வருந்திய முனிவருக்குப் பாபநாசத்திலேயே மணக்கோலத்தில் காட்சி கொடுத்தார் என்றும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சோறு ஊட்டும் பருவத்திலிருந்தே கேட்டு வளர்கிறார்கள். விசுத் திருவிழாவில் அந்தத் திருமணக் காட்சி ஆண்டுதோறும் நடக்கிறது. இந்த ஆண்டு அதைத் தரிசித்துவிட்டுத் தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், “பூட்டி, அகத்தியர் பார்க்காம விட்ட அந்த மலையை நாம பார்க்க முடியாதா?” என்று கேட்டாள்.

பக்கத்தில் நண்பர் இருந்தார். பாளையங்கோட்டையில் புவியியல் பாடம் நடத்தும் ஆசிரியர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கயிலை திபெத்தில் இருக்கிறது, அங்கே செல்வது வயதானவர்களுக்குக் கடினம் என்று சொன்ன அவர், கௌரிசங்கர் என்று அம்மையப்பன் பெயரையே தாங்கிய இரட்டைச் சிகரம் ஒன்று நேபாளத்தில் இருப்பதையும், காட்மாண்டுவிலிருந்து சிறிய விமானத்தில் ஏற்றிச்சென்று ஒரு மணி நேரத்தில் அந்த மலைத்தொடரை எவரெஸ்ட் வரை காட்டி அழைத்துவருவதையும் எடுத்துச் சொன்னார். எங்களில் மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். ஆச்சி மட்டும், “அப்பம் போவோம்” என்றாள்.

இப்போது ஒன்பது பேர் செல்கிறோம்: ஆச்சி, அம்மா, நான், மனைவி, மகள், அக்கா, அத்தான், அண்ணாச்சி, அவருடைய மனைவி. நேபாளம் செல்ல இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆச்சிக்குக் கடவுச்சீட்டு கிடையாது. வாக்காளர் அடையாள அட்டையை நெகிழிப் பைக்குள் போட்டு, அதைச் சுருக்குப் பையில் வைத்து, இடுப்பில் செருகியிருக்கிறாள். இரத்த அழுத்தம் இருப்பதால் மருத்துவரிடம் முன்பே கேட்டுவிட்டோம். விமானத்தின் உட்பகுதியில் காற்றழுத்தம் சீராக வைக்கப்படும் என்பதால் பயமில்லை என்று அவர் சொன்ன பிறகே பயணச்சீட்டு எடுத்தோம்.

நெல்லையப்பர் கோவிலில் காந்திமதியம்மனின் ஐப்பசித் திருக்கல்யாணம் முடிந்த வாரம் இது. அம்பாளின் கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று ஆச்சி உறுதியாக இருந்ததால் நாளை அதற்கேற்பக் குறித்தோம். நெல்லை எக்ஸ்பிரஸ் நடைமேடைக்கு வந்துவிட்டது. வாழையிலையில் கட்டிய மிளகாய்ப்பொடி இட்லியின் நல்லெண்ணெய் மணம் பெட்டி முழுவதும் பரவியிருக்கிறது.

இரண்டாம் நாள்: காட்மாண்டு

எழும்பூரில் இறங்கி, சென்னையிலிருந்து தில்லிக்கும் தில்லியிலிருந்து காட்மாண்டுவுக்கும் பறந்தோம். விமான நிலையங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தில்லியிலிருந்து வருகிறவர்கள் இடப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். வடக்கே மேகங்களுக்கு மேல் மற்றொரு மேகவரிசைபோல் இமயம் நெடுநேரம் கூடவே வருகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்காமல் இருக்க எல்லோர் வாயிலும் ஆச்சி ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டைப் போட்டாள். முன்வரிசையில் இருந்த தில்லிக்காரப் பெண்மணிக்கும் ஒன்று கிடைத்தது.

இறங்கியதும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளச் சொன்னார்கள். அரைமணி, ஒருமணி என்றில்லாமல் இதென்ன பதினைந்து நிமிடக் கணக்கு என்று அத்தான் கேட்டதும் அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. இந்திய நேரம் 82 பாகை 30 கலை (ஒரு பாகைக்கு அறுபது கலை) கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நேபாளமோ 1986 முதல் 86 பாகை 15 கலைத் தீர்க்கரேகையை வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே 3 பாகை 45 கலை. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் சரியாகப் பதினைந்து நிமிடம். அந்தத் தீர்க்கரேகை கௌரிசங்கர் சிகரத்தை ஒட்டிச் செல்வது என்று அவர் சொன்னபோது என் உடம்பு சிலிர்த்தது. நாங்கள் தேடி வந்த மலையின் மேல் சூரியன் உச்சிக்கு வருவதைக் கொண்டுதான் இந்த நாடு முழுவதும் நேரம் பார்க்கிறது.

மகள் ஆச்சியின் பழைய கைக்கடிகாரத்தை வாங்கித் திருகி வைத்தாள். “இனி சாமி நேரமா?” என்று கேட்டுவிட்டு ஆச்சி அதைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள்: மூடுபனி

அதிகாலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்கெல்லாம் உள்நாட்டு முனையத்தில் இருந்தோம். மலை காட்டும் விமானங்கள் விடிந்ததும் புறப்பட்டுவிடும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து சிகரங்களை மேகம் மூடிக்கொள்ளும் என்பதாலும், காற்றும் வலுத்துவிடும் என்பதாலும் காலை வேளையையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் காட்மாண்டு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலை சூழக் கிண்ணம்போல் கிடக்கும் ஊர். இரவில் குளிர்ந்து கனத்த காற்று கிண்ணத்தின் அடியில் தங்கி மூடுபனியாகிவிட்டால் வெயில் வந்து கலைக்கும் வரை எதுவும் பறக்க முடியாது. மேலே வானம் நிர்மலமாக இருக்கும். கீழே ஓடுபாதையின் மறுமுனை தெரியாது. இன்று அதுதான் நடந்தது.

ஆறரை என்றார்கள், பிறகு ஏழரை என்றார்கள், ஒன்பதரைக்கு இன்றைய பயணம் இல்லை, நாளைக் காலை வாருங்கள் என்றார்கள். எங்களோடு காத்திருந்த சிலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. 2011 செப்டம்பர் 25 அன்று இதேபோல் எவரெஸ்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பத்தொன்பது பேர் கொண்ட சிறிய விமானம், காட்மாண்டுவை நெருங்கும்போது தாழ்ந்த மேகத்துக்குள் மலையில் மோதி எல்லோரும் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் திருச்சியிலிருந்து வந்தவர்கள். அந்தச் செய்தியை அன்று தொலைக்காட்சியில் பார்த்தது என் மனத்தில் அப்படியே இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு மாதங்கள் ஆனதற்கும் அதுதான் காரணம். மூடுபனியில் விமானத்தை எடுக்க மறுக்கிறவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பணமும் ஒரு நாளும் போனால் போகட்டும். ஆச்சியிடம் சொன்னபோது, “நமக்கு நாளைக்கின்னு இருக்கு” என்பதற்குமேல் அவள் எதுவும் பேசவில்லை.

பகலில் பசுபதிநாதர் கோவிலுக்குப் போனோம். அங்கே மூலவருக்குப் பூசை செய்யும் பட்டர்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னாட்டிலிருந்து, பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து, வருகிறவர்கள். கோவிலை ஒட்டி ஓடும் பாக்மதியின் கரையில் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. மறுகரைப் படியில் உட்கார்ந்து ஆச்சி வெகுநேரம் அதையே பார்த்தாள். பாபநாசத்தில் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்த படித்துறையை அவள் நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

மாலையில் தங்கும் விடுதியின் மொட்டைமாடியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சி சொன்னது முழுமையாக எழுதப்பட வேண்டியது. எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்ட நில அளவை, சென்னையில் பரங்கிமலைக்கு அருகே 1802-இல் லாம்டன் என்ற அதிகாரி தரையில் அளந்து போட்ட அடிப்படைக் கோட்டிலிருந்து வளர்ந்தது. முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வரைக்கும் வடக்கே இமயத்தின் அடிவாரம் வரைக்கும் அளந்துகொண்டே போனார்கள். லாம்டனுக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். ‘பதினைந்தாம் சிகரம்’ என்று எண் மட்டும் இட்டிருந்த மலையே உலகில் உயரமானது என்று 1852-இல் கணக்குப் போட்டுக் கண்டவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். எவரெஸ்ட் என்ற பெயரை 1865-இல் சூட்டினார்கள்.

அதில் ஒரு சிக்கல் வந்ததாம். அளக்கும் இடத்தில் தூக்குக்குண்டு நேர்கீழாகத் தொங்க வேண்டும். இமயம் அத்தனை பெரிய பாரம் என்பதால் குண்டைத் தன் பக்கம் இழுக்கும், இழுக்கத்தான் செய்தது. ஆனால் கணக்குப்படி இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. இதை ஆராய்ந்த ஏரி என்ற வானியலாளர், மலைக்கு அடியில் கனம் குறைந்த பாறை வேர்போல் ஆழமாக இறங்கியிருக்கிறது, கட்டை தண்ணீரில் மிதப்பதுபோல் மலை மிதக்கிறது, அதனால்தான் நிலம் சமன்பட்டு நிற்கிறது என்று 1855-இல் விளக்கினார். “அகத்தியர் கதையும் பாரத்தைப் பற்றியதுதான், ஏரியின் கணக்கும் பாரத்தைப் பற்றியதுதான், ஆனால் ஒன்றை வைத்து மற்றொன்றை நிரூபிக்கக் கூடாது” என்று அண்ணாச்சி மகளிடம் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டையும் தனித்தனியே மதிக்கத் தெரிந்த மனிதர் அவர். அவரிடம் படிக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

நான்காம் நாள்: மலை

இன்று ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம்.

இரண்டு எஞ்சின் கொண்ட பீச்கிராஃப்ட் விமானம். நடுவில் ஒடுங்கிய நடைவழி, இரு பக்கமும் ஒவ்வோர் இருக்கை. நிமிர்ந்து நடக்க அத்தானுக்குத் தலை இடித்தது. விமானிகளின் அறைக்கும் எங்களுக்கும் இடையே கதவு இல்லாததால் முன்கண்ணாடி வழியே ஓடுபாதை நேராகத் தெரிந்தது. ஏறும் முன் எங்கள் எடையைக் கணக்கெடுத்து யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னார்கள். விமானம் சிறியது, பாரம் ஒரு பக்கம் கூடக் கூடாது என்றதும் ஆச்சி என் கையைப் பிடித்து, “அகத்தியருக்கும் இதானே வேலை” என்றாள். அவளுக்கு வலப்பக்கம் கிடைத்தது. எனக்கும் மகளுக்கும் இடப்பக்கம்.

கிழக்கே போகும்போது மலைத்தொடர் இடப்பக்கம் இருக்கும், திரும்பும்போதுதான் வலப்பக்கத்துக்கு வரும். ஆச்சிக்காக நான் இடம் மாற்றிக் கேட்கப் பார்த்தேன். “எழுதின இடத்துல இருந்துக்கிடுதேன், நீ பிள்ளையைப் பாரு” என்று சொல்லிவிட்டாள்.

மூடுபனிப் படலத்தைத் துளைத்து மேலே வந்த கணத்தில் அறை முழுவதும் வெளிச்சம் நிறைந்தது. முதலில் லாங்டாங் லிருங், அதற்குப் பின்னே திபெத்துப் பக்கம் 8,027 மீட்டர் உயரமுள்ள சிசாபங்மா, பிறகு கூர்மையான டோர்ஜே லக்பா. பணிப்பெண் சிகரங்கள் வரைந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் குனிந்து காட்டிக்கொண்டே வந்தார். அட்டையில் கோடாக இருப்பது கண்ணாடிக்கு வெளியே அதே கோடாக, ஆனால் நிழலும் பிளவும் நீலமும் கூடி நிற்பதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பனி வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். கிழக்குச் சரிவில் அது செம்பருத்தி மொட்டின் அடிப்பகுதிபோல் இளஞ்சிவப்பாக இருந்தது. மேற்குச் சரிவில் ஊமத்தம்பூ நிறத்தில் இருந்தது. மடிப்புகளுக்குள் வெளிச்சம் இன்னும் இறங்காத இடங்களில் நல்ல நீலமாகவே இருந்தது.

“அப்பா, ரெண்டு தலை!” என்று மகள் கத்தினாள். தனியாக, தொடரிலிருந்து சற்று முன்வந்து, செங்குத்தான சுவர்களோடு நின்றது கௌரிசங்கர். உயரம் 7,134 மீட்டர். நாங்கள் 25,000 அடிக்குச் சற்றுக் குறைவாகப் பறந்துகொண்டிருந்ததால் அதன் உச்சி எங்கள் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. வடக்கே இருப்பது சங்கரர், அதுவே உயரம். தெற்கே தாழ இருப்பது கௌரி. 1979 வரை அதன் உச்சியில் எவரும் கால் வைத்ததில்லை. சிகரத்தின் மேற்குப் புறத்தில் பாதாளம்போல் இறங்கும் பள்ளத்தாக்கில் மெல்லிய நூலாகத் தெரிந்த ஆற்றைக் காட்டி, “அது தாமாகோசி, நேபாளியில் தாமா என்றால் செம்பு” என்று பின்னிருக்கையிலிருந்து அண்ணாச்சி உரக்கச் சொன்னார். எஞ்சின் இரைச்சலில் சரியாகக் கேட்டதா என்று மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மையப்பன் காலடியில் ஓடுவதும் ஒரு தாமிர நதி.

நான் திரும்பி ஆச்சியைப் பார்த்தேன். தெற்குப் பக்கச் சன்னலில் பச்சை மலைகளும் அவற்றின் இடுக்கில் பஞ்சுபோல் அடைந்த மூடுபனியும் அதற்கப்பால் கரைந்துபோகும் சமவெளியும்தான் இருந்தன. அவள் அவற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அருகே குனிந்ததும், “நம்ம ஊரு இந்தத் திக்குலதானே இருக்கு?” என்று கேட்டாள்.

நும்பூர், சோ ஓயு, கியாச்சுங் காங், புமோரி என்று வரிசை தொடர்ந்தது. ஒவ்வொருவராக முன்னே சென்று விமானிகளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம் என்றார்கள். என் முறை வந்தபோது நேர் எதிரே நுப்சே, லோட்சே மதிலுக்கு மேலே எவரெஸ்ட் இருந்தது. மற்ற மலைகள் பனி போர்த்தியிருக்க, அது மட்டும் கருத்த பாறையாக நின்றது. அந்த உயரத்தில் வீசும் காற்று பனியைத் தங்கவிடுவதில்லை என்று விமானி சொன்னார். உச்சியிலிருந்து பனித்தூள் கிழக்கு நோக்கிக் கொடித்துணிபோல் நீண்டு பறந்துகொண்டிருந்தது. 8,848.86 மீட்டர் என்று நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020-இல் அறிவித்த உயரம். எங்களைவிட நாலாயிரம் அடிக்குமேல் உயரத்தில் அது இருந்தது. விமானத்தில் ஏறியும் அதை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் என்பதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். பார்க்கும்போது அதை நம்புவதற்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

விமானம் வலப்புறம் சாய்ந்து வட்டமிட்டுத் திரும்பியது. மலைகள் எல்லாம் ஒரு முறை கீழே வழுக்கி, பிறகு ஆச்சியின் சன்னலுக்கு வந்து சேர்ந்தன.

அவளுடைய மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி மங்கியது, மறுபடி துடைத்தாள். கண்ணாடியின் விளிம்பில் ஊசிமுனை அளவில் உறைபனி பூத்திருந்ததை விரலால் தொட்டு, அது உள்ளே இல்லை, வெளிக் கண்ணாடியில் இருக்கிறது என்று தெரிந்ததும் விரலை எடுத்துக்கொண்டாள். எவரெஸ்டைக் காட்டியபோது தலையாட்டினாள். அதற்குமேல் அதில் அவள் நிற்கவில்லை. கௌரிசங்கர் வரும்போது சொல் என்று என் மகளிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறாள் போலும்; அவள் இருக்கையில் இருந்தபடியே, “பூட்டி, இப்போ, இப்போ” என்று கூவினாள்.

வெயில் இப்போது முழுதாக ஏறியிருந்தது. இளஞ்சிவப்பெல்லாம் போய், இரண்டு சிகரங்களும் தும்பைப்பூவாக நின்றன. ஆச்சி கைகளைக் குவித்து நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டாள். அம்மா ஆச்சியின் தோளைப் பற்றிக்கொண்டாள். எந்தச் சிகரம் யார் என்று ஆச்சி கேட்க, தெற்கே இருப்பது கௌரி என்று நான் சொன்னேன்.

“அப்பம் அம்பாள் நம்ம பக்கம்லா நிக்கா” என்றாள்.

மலை பின்னே போகும் வரை கைகளை இறக்கவில்லை. அகத்தியருக்காக ஒரு கும்பிடு தனியாகப் போட்டதாகத் தரையிறங்கிய பிறகு சொன்னாள்.

எட்டாம் நாள்: பாபநாசம்

இடைப்பட்ட நாட்களில் பௌத்தநாத் தூபியைப் பார்த்ததும், குளிர் தாங்காமல் அத்தான் மூன்று கம்பளி வாங்கியதும், திரும்பும் விமானத்தில் அக்கா தூங்கிக்கொண்டே வந்ததும் தவிர எழுத வேண்டியது எதுவுமில்லை.

ஊரில் மழை விட்டிருந்தது. வீட்டுக்கு வந்து குளித்ததும் ஆச்சி சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எங்களை நேரே கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆற்றில் செம்மண் கலந்து வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. பாபநாசநாதரையும் உலகம்மையையும் வணங்கிவிட்டுப் பிராகாரத்தைச் சுற்றி வரும்போது, கருவறைக்குப் பின்புறம் அம்மையப்பன் மணக்கோலத்தில் இருக்க அகத்தியரும் லோபாமுத்திரையும் கைகூப்பி நிற்கும் இடத்தில் நின்றாள். அந்த இடத்தை அவள் எத்தனை ஆயிரம் முறை சுற்றியிருப்பாள் என்று கணக்கில்லை.

இந்த முறை அகத்தியருக்கு நேராகப் போய் நின்று, குரலைத் தாழ்த்தாமல், அடுத்தவீட்டுக்காரரிடம் கல்யாண வீட்டுச் சேதி சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினாள். மலை இரண்டு தலையாக இருக்கிறது என்று சொன்னாள். வடக்கே அவர், தெற்கே அம்பாள் என்று சொன்னாள். கீழே நம் ஆற்றைப்போலவே செம்புப் பெயரில் ஓர் ஆறு ஓடுகிறது, நான் பார்க்கவில்லை, பிள்ளை பார்த்தாள் என்று சொன்னாள். பிறகு மகளை முன்னே இழுத்து, “நீ சொல்லுளா, நீதானே மொதல்ல பார்த்தது” என்றாள்.

மகள் சொல்லத் தொடங்கினாள்.